நான்காம் பாடத்தில் ஒரு திருத்தம்

எங்கள் குடியிருப்பின் லிஃப்டுக்குள் ஒருநாள் புதிய அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. 'கதவை சாத்திய பிறகு பொத்தானை அழுத்தவும். கதவு தானாக சாத்திக்கொள்ளாது.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் இரண்டு இடங்களில் ஒற்று இல்லை. நான்காம் மாடி வருவதற்குள் கைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவால் இரண்டு 'ச்' போட்டுவிட்டேன். மறுவாரம் அந்தக் காகிதம் போய், திருத்தங்களோடு எழுதிய வேறொரு காகிதம் வந்திருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் 'திருத்தியவருக்கு நன்றி' என்று ஒரு வரி.

அடுத்த மாதம் அதே லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனது. உள்ளே நான் மட்டும் இருந்தேன். சற்று நேரத்தில் மேலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. முதலில் எதையும் தொடாமல் நிற்கச் சொன்னது. நின்றுவிட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்ததைச் சொன்னது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு செயல். அது முடிந்ததென்று பதில் வராமல் அடுத்த செயல் வராது. இருபது நிமிடங்களில் கதவு திறந்தது. ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர், முழங்கை வரை கிரீஸோடு குனிந்து கைகொடுத்தார்.

"அந்த ரெண்டு 'ச்' போட்டது நீங்கதானே, டீச்சர்?" என்று கேட்டார்.

எப்படித் தெரியும் என்றேன்.

"உள்ள மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் கத்துவாங்க. நீங்க ஒருத்தர்தான் முழு வாக்கியமாப் பேசினீங்க."

நான் ஆசிரியை அல்லேன். பாடநூல் அச்சகம் ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவள். இதை அவரிடம் அன்றே சொன்னேன். பிறகும் பலமுறை சொன்னேன். கடைசிவரை அவருக்கு நான் டீச்சர்தான். அவரை நாங்கள் எல்லோரும் லிஃப்ட்காரர் என்று அழைத்தோம். அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுவதற்கு அதிகம் இல்லை என்று அவரே சொல்வார். பத்தொன்பது வயதில் இந்த வேலைக்கு வந்தார், மணம் செய்துகொள்ளவில்லை, மின்சாதனக் கடை ஒன்றின் மேல்மாடியில், ஒரு கூடமும் ஓர் அறையுமாக இருந்த வீட்டில், தம் அக்காவோடு இருபத்தாறு ஆண்டுகள் குடியிருந்தார். எழுதுவதற்கு இருப்பதெல்லாம் அந்த ஓர் அறையில்தான் இருக்கிறது.

அக்கா பள்ளிச் சீருடைகள் தைப்பவர். பத்தடிக்குப் பத்தடி உள்ள அந்த அறையில், சுவரோரம் தையல் இயந்திரம். அதன் முன்னால் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலி. எதிர்ச்சுவரோரம் ஒரு கட்டில். பின்சந்தைப் பார்த்த ஒரே சன்னல். துணித்தூசு பறக்குமென்று மின்விசிறி போடமாட்டார். நூல் அலைகிறது என்று சன்னலையும் சாத்திவைப்பார். அவருக்கு மூச்சிரைப்பு வந்தபோது, அறையின் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்றைத் தம்பி வாங்கிவந்தார். சோப்பு டப்பா அளவுள்ள வெள்ளைப் பெட்டி. நாம் வெளிவிடும் மூச்சு அறையில் எந்த அளவுக்குச் சேர்ந்திருக்கிறது என்பதை அது ஓர் எண்ணாகக் காட்டும். திறந்த வெளியில் வைத்தால் 430 என்று நிற்கும். அடைத்த அறையில் ஆள் இருந்தால் எண் ஏறும். ஆள் கூடினால் வேகமாக ஏறும். அவ்வளவுதான்.

வாங்கிய ஆறாம் மாதத்தில், பெட்டியைச் செய்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. வாங்கியவர்கள் விடவில்லை. நானூறு பேர் செல்பேசியில் ஒரு குழுவாகச் சேர்ந்து, மென்பொருளைத் தாமே திருத்திக்கொண்டு, பழுதான பெட்டிகளிலிருந்து உதிரிபாகங்களை எடுத்து மற்றவற்றுக்குப் பொருத்தி, அதை உயிரோடு வைத்திருந்தார்கள். 'மூச்சுப்பெட்டி' என்னும் பெயரும் அவர்கள் இட்டதுதான். குழுவில் கெட்டிக்காரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் எழுதிய விளக்கங்கள் அவர்களைப் போன்ற கெட்டிக்காரர்களுக்கே புரிந்தன. புதிதாக வருகிறவர்களுக்குப் பாடங்கள் எழுத ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, லிஃப்ட்காரர் தாம் எழுதுவதாகச் சொன்னார். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி சொல்லிப் பழகியவர் ஆயிற்றே.

எழுதியதை முதலில் அக்காவிடம் படித்துக் காட்டுவார். அக்கா நாற்காலியில் அமர்ந்து, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி செய்வார். முதல் பாடத்தில் இவர், குழுவின் வழக்கப்படி, 'மேலே உள்ள படத்தைச் சொடுக்குக' என்று எழுதியிருந்தார். அக்கா பெட்டிக்கு நேரே கையை நீட்டி, விரலைச் சொடுக்கிவிட்டுக் காத்திருந்தாராம். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை, சற்று உரக்கச் சொடுக்கினாராம். அடுத்த வரியில் 'அறையின் அளவைத் தேர்வு செய்க' என்று இருந்தது.

"பரீட்சையெல்லாம் எழுதற வயசாடா எனக்கு?" என்று அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று முதல் அவருடைய பாடங்களில் 'சொடுக்குக' இல்லை, 'தேர்வு செய்க' இல்லை. 'விரலால் ஒருமுறை தொடுங்கள்', 'இந்த மூன்றில் உங்கள் அறை எதுவோ அதைத் தொடுங்கள்' என்று இருக்கும். பாடம் முடிந்ததும் அடியில் ஒரு வரி எழுதுவார்: 'படித்துப் பார்த்தவர்: அக்கா.' பிறகு என்னிடம் கொண்டுவருவார். ஒற்றுப்பிழை, ஒருமை பன்மைப் பிழைகளை நான் பார்த்துக் கொடுப்பேன். சில நாள்களில் வாசலிலேயே நின்று, "மூணாவது படி மாத்தணும், டீச்சர். புரியலையாம்" என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார். அக்காவை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவர் அந்த 'புரியலையாம்' மட்டும்தான்.

இலக்கணத்தைப் பொறுத்தவரை நான் அவருக்குச் சொன்ன பெரிய விதி ஒன்றுதான். 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. 'நாம் இப்போது மூடியைத் திறப்போம்' என்றால் படிப்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். 'நாங்கள் திறப்போம்' என்றால் அவர் வாசலில் நிற்கிறார். பாடம் எழுதுகிறவர் எப்போதும் 'நாம்' என்றே எழுத வேண்டும். அவர் அதைத் தம் குறிப்பேட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டுக்கொண்டார்.

பத்துப் பாடங்கள் முடிந்திருந்தபோது அக்கா இறந்துபோனார். மருத்துவமனையில் ஒன்பது நாள்கள். கடைசி மூன்று நாள்கள் குழாய் வழியாகத்தான் மூச்சு. தகனம் முடிந்து நான்கு மாதங்கள் லிஃப்ட்காரர் எதுவும் எழுதவில்லை. எங்கள் குடியிருப்புக்கு வந்தால் லிஃப்டைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போய்விடுவார். ஐந்தாம் மாதம் பதினோராம் பாடத்தோடு வந்து நின்றார்.

எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. அக்கா இல்லாமல் எழுதியது எப்படி இருக்குமோ என்று நினைத்தேன். படித்தேன். பழைய பாடங்களைப் போலவே இருந்தது. புதியவர் ஒருவர் எங்கே தடுமாறுவாரோ சரியாக அந்த இடத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. எந்தச் சொல்லை இருபொருளாக எடுத்துக்கொள்வாரோ அந்தச் சொல் இல்லை. யாரிடம் படித்துக் காட்டினீர்கள் என்று கேட்டேன்.

"அங்கயேதான். ரூம்ல உக்காந்து சத்தமாப் படிப்பேன். புரியாத இடம் வந்தா தெரிஞ்சுரும்."

தனியாக இருப்பவர்கள் உரக்கப் படிப்பது இயல்புதான் என்று நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. இருபத்திரண்டு பாடங்கள் அப்படி வந்தன. இடையில் பழைய பாடங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதினார். நான்காம் பாடம் அவற்றில் ஒன்று.

நான்காம் பாடம்தான் மொத்தத்திலும் முக்கியமானது. பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று புதியவர் தாமே சோதித்துக்கொள்ளும் பாடம் அது. திறந்த சன்னலருகே பெட்டியை இருபது நிமிடங்கள் வைத்து எண்ணை 430க்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பத்தடிக்குப் பத்தடி அறையில் கதவு சன்னலைச் சாத்திவிட்டு, தனியாக ஒரு மணி நேரம் அமர்ந்திருக்க வேண்டும். எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அவர் தம் அறையில் எடுத்த எண்ணை இந்தத் திருத்தத்தில் புதிதாகச் சேர்த்திருந்தார்: 1,610.

எண் ஒத்துவரவில்லை என்று முதலில் எழுதியவர் ஒரு பேக்கரிக்காரம்மா. அவருக்குத் தனியாக அமர்ந்து பார்த்தபோது ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. பெட்டி கெட்டுப்போய்க் குறைத்துக் காட்டுகிறதோ என்று குழுவில் கேட்டிருந்தார். பெட்டியை மறுபடியும் சன்னலருகே வைத்துப் பாருங்கள் என்று லிஃப்ட்காரர் பொறுமையாகப் பதில் எழுதினார். பிறகு இன்னொருவர் எழுதினார்; அவருக்கு 1,020. இன்னொருவருக்கு 990. ஒரு மாதத்தில் பதினேழு பேர். எல்லோரும் ஆயிரத்தையொட்டியே நின்றார்கள். பதினேழு பேருக்கும் இவர் அதே பதிலை எழுதினார். தம் எண்ணைப் பற்றி அவருக்கு ஐயமே வரவில்லை. பலமுறை எடுத்துப் பார்த்த எண் அல்லவா?

அதற்குள் பேக்கரிக்காரம்மா ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பொட்டலம் கட்டும் பின்னறையில் மூன்று பெண்கள் வேலை செய்வார்கள். தெருத்தூசு வராமலிருக்க ஷட்டரை இறக்கியே வைப்பார்கள். ஒருநாள் பெட்டி 3,200 என்று காட்டியது. ஒருவருக்கே 1,610 என்றால் மூவருக்கு இது குறைவுதான் என்று பாடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, ஷட்டரைத் திறக்காமல் விட்டுவிட்டார். மாலையில் அந்த மூவரில் ஒருவர் தலைசுற்றி, மேசை முனையில் மோதி விழுந்தார். நெற்றியில் ஐந்து தையல்.

"உங்க பாடத்தை நம்பித்தாண்ணே ஷட்டரை மூடியே வெச்சிருந்தேன்" என்று அவர் குழுவில் பேசி அனுப்பியிருந்த குரலை லிஃப்ட்காரர் எனக்குப் போட்டுக் காட்டினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை வாட்டியது.

குழுவில் தசமப்புள்ளி என்று எல்லோரும் அழைக்கும் ஒருவர் இருந்தார். அளவுக்கருவிகள் செய்யும் ஆலையொன்றில் பொறியாளர். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இல்லாத எண்ணை அவர் எண்ணாகவே மதிக்கமாட்டார். அவர் லிஃப்ட்காரரின் அறை அளவைக் கேட்டு வாங்கி, கணக்கைப் போட்டு, எல்லோரும் பார்க்கும்படி எழுதினார்: "அந்த ரூம்ல ஒரு ஆள் இருந்தா 1,070ஐத் தாண்டவே தாண்டாது. ஒண்ணு, எண்ணை எழுதும்போது தூங்கிட்டீங்க. இல்லன்னா உங்களுக்கு ரெண்டு மூக்கு." நாற்பது பேர் சிரித்திருந்தார்கள். அதற்குக் கீழே அவர் சிரிக்காமல் எழுதியிருந்தார். எண்ணைக் கற்பனையாகப் போட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அல்லது மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், வரும் ஞாயிறு நண்பகல் வாக்கெடுப்பு. முப்பத்திரண்டு பாடங்களையும் நீக்கிவிட்டுப் புதிதாக எழுதுவது என்று முடிவு செய்யப்படும். ஓர் எண்ணைக் கற்பனை செய்தவர் மற்றவற்றையும் செய்திருக்கமாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

புதன்கிழமை மாலை, வேலை முடிந்த கையோடு லிஃப்ட்காரர் என் வீட்டுக்கு வந்தார். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார்.

"நான் பொய் எழுதல, டீச்சர்."

தெரியும் என்றேன்.

"ஒப்புக்கிட்டுப் போயிரலாம்தான். எண்ணை மட்டும் மாத்திட்டா விட்டுருவாங்க. ஆனா பொய்னு சொன்னப்புறம் மிச்சத்தை யார் நம்புவா? அந்தப் பாடங்கள்ல அக்கா சொன்ன ஒவ்வொரு 'புரியல'யும் இருக்கு. அதை எடுத்துட்டாங்கன்னா, அக்கா பேசினது வேற எங்கயுமே இல்ல."

அப்படியானால் மறுபடியும் எடுத்துப் பார்ப்போம், நான் சாட்சியாக இருக்கிறேன் என்றேன்.

மறுநாள் என் வீட்டிலேயே தொடங்கினோம். என் படுக்கையறையும் ஏறத்தாழ அதே அளவுதான். அவர் உள்ளே தனியாக அமர்ந்தார். நான் வெளியே நாளிதழ் படித்தேன். ஒரு மணி நேரத்தில் 1,060. பெட்டியில் பழுதில்லை, அவருக்கு மூக்கும் ஒன்றுதான். அவர் முகம் வெளுத்துவிட்டது. தம் அறையில் ஏதோ கசிகிறது என்று முடிவுகட்டினார். லிஃப்ட் ஆள் என்பதால் எதையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, சுவரில் இருந்த விரிசல்களையெல்லாம் பூசினார். கீழ்க்கடையில் புகைவிடும் பொருள் எதுவும் இல்லை என்று போய்ப் பார்த்துவந்தார். எரிவாயு உருளையை மூடி, கூடத்தைத் தாண்டிப் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்தார். பரணில் பூனை இருக்கிறதா என்று ஏணி போட்டுப் பார்த்தார். பரணில் இருந்தது நான்கு மூட்டைச் சீருடைத் துணி.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நான் முதன்முறையாக அந்த வீட்டுக்குப் போனேன். வெயில் கூடத்தின் பாதிவரை வந்திருந்தது. கீழே கடையில் யாரோ அழைப்புமணிகளை ஒவ்வொன்றாக அழுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கூடத்தில் நாற்காலி போட்டுக் கதவைப் பார்த்தபடி அமர்ந்திருந்தேன். நடுவில் அவர் குரல் கேட்டது. பாடம் ஒன்றை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு வரி படிப்பார், நிறுத்துவார், சில சமயம் அதே வரியை வேறு சொற்களில் சொல்லிப் பார்ப்பார். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து, பெட்டியை என் பக்கம் திருப்பினார். 1,605.

"ரெண்டு மூக்கு" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்று, முடியாமல் விட்டுவிட்டார்.

பெட்டியைத் தனியாக உள்ளே வைத்துப் பார்க்கலாமே என்று சொன்னது நான்தான். ஆள் இல்லாத அறையில் எண் ஏறக் கூடாது. ஏறினால் கசிவு என்று மெய்ப்பித்துவிடலாம் என்று எண்ணினேன். சன்னலைத் திறந்து, 430 வரும்வரை காத்திருந்தோம். பெட்டியைத் தையல் இயந்திரத்தின் மீது வைத்தார். சன்னலைச் சாத்தினார். கதவை வெளிப்பக்கமாகச் சாத்தி, இடுக்குகளில் ஒட்டுநாடாவை ஒட்டினார். பெட்டி காட்டும் எண் அவருடைய செல்பேசிக்கு வரும். அதை எங்கள் இருவருக்கும் நடுவில் முக்காலியின் மீது வைத்துக்கொண்டு அமர்ந்தோம்.

முதல் ஐந்து நிமிடங்கள் 430 என்றே நின்றது. பிறகு 437. பிறகு 446. கசிவு என்றால் ஒரே சீராக ஏறும் என்று அவர் சொல்லியிருந்தார். இது அப்படி ஏறவில்லை. சற்று ஏறும், தயங்கும், மறுபடியும் ஏறும். யாரோ நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, அவசரம் எதுவும் இல்லாமல் மூச்சு விடுவதைப் போல ஏறிக்கொண்டிருந்தது. கீழே அழைப்புமணிச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

நாற்பதாம் நிமிடத்தில், கதவுக்கு அப்பாலிருந்து ஓர் ஒலி கேட்டது. சிறிய, தெளிவான, வறண்ட ஒலி. விரலைச் சொடுக்கினால் வருவது போல. சற்றுப் பொறுத்து இன்னொன்று, முன்னதைவிட உரக்க. வெயில் இறங்கினால் மரச்சாமான்கள் அப்படி ஓசையிடுவதுண்டு. நான் அவரைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. செல்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணி நேரம் முடிந்தபோது 950.

அவர் மனத்துக்குள் கழித்துப் பார்த்தார் என்பது உதடுகள் அசைவதில் தெரிந்தது. அவருக்கு ஏறுவதைவிட இது நூற்றுப்பத்துக் குறைவு.

"அக்கா சின்ன உடம்பு" என்றார், மெதுவாக.

ஒட்டுநாடாவை உரித்துக் கதவைத் திறந்தோம். உறை போர்த்திய தையல் இயந்திரம்; நாற்காலி; கட்டில்; சாத்திய சன்னல். வேறொன்றும் இல்லை. ஆனால் உள்ளே இருந்த காற்று, இரண்டு ஆண்டுகளாக யாரும் தைக்காத அறையின் காற்றாக இல்லை. ஒருவர் இப்போதுதான் எழுந்து போன அறையின் வெதுவெதுப்பு அதில் இருந்தது. அவர் இயல்பாகக் கையை நீட்டி, நாற்காலியைச் சற்று நகர்த்தி, உட்காருங்கள் டீச்சர் என்றார். நான் நின்றுகொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் மனம் அமைதியடையவில்லை. நான் திருத்தும் மெய்ப்புகளின் முதல் படிகளையெல்லாம் கோப்பில் வைத்திருப்பது என் அச்சகக் காலத்துப் பழக்கம். நான்காம் பாடத்தைத் தேடி எடுத்தேன். அவருடைய முத்தான கையெழுத்தில் அந்த வரி இருந்தது: 'கதவைச் சாத்திவிட்டு நாங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எண் 1,610 ஆனது.' 'நாங்கள்' என்பதை நான் சிவப்புக் கோட்டால் அடித்து, மேலே 'நான்' என்று எழுதியிருந்தேன். 'உட்கார்ந்திருந்தோம்' என்பதை 'உட்கார்ந்திருந்தேன்' ஆக்கியிருந்தேன். தனியாக இருக்கும் மனிதர் பன்மையில் எழுதுவது பிழை என்பதைத் தவிர, அப்போது வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

தாளின் அடியைப் பார்த்தேன். 'படித்துப் பார்த்தவர்: அக்கா.' அதன் பக்கத்தில் அவர் வழக்கமாக இடும் தேதி. அக்கா இறந்து எட்டு மாதங்களுக்குப் பிறகான தேதி. பதினொன்று முதல் முப்பத்திரண்டு வரை எல்லாத் தாள்களையும் எடுத்துப் பரப்பினேன். எல்லாவற்றிலும் அந்த வரி இருந்தது. பழைய தாளைப் பார்த்து எழுதும்போது கூடவே வந்துவிட்ட வரி என்று, ஒவ்வொரு முறையும் கண்ணை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒற்றுப்பிழைகளைப் பார்த்த கண் அதைப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போய் அந்தத் தாளை அவரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"நான் யோசிச்சு எழுதல, டீச்சர். கை அப்படி எழுதிருச்சு. நீங்க திருத்தினதும், சரிதானே, நான் மட்டும்தானே இருந்தேன்னு விட்டுட்டேன்."

"தப்பு என்னோடதுப்பா" என்றேன். "எத்தனையோ எழுத்தை அடிச்சிருக்கேன். ஒரு ஆளையே அடிச்சது இதுதான்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு அந்த அறைக்குள் போய், கட்டிலில் அமர்ந்து, குழுவுக்கு எழுதத் தொடங்கினார். எழுதியதை என்னிடம் காட்டினார். ஐந்தே வரிகள். 'நான்காம் பாடத்தில் எண் சரி, சொல்தான் பிழை. அறையில் ஒருவர் இருந்ததாக எழுதியிருந்தேன். இருந்தவர்கள் இருவர். தனியாக இருப்பவருக்கு 1,060 வரும். வேறொரு வீட்டில் சாட்சியோடு எடுத்துப் பார்த்துவிட்டேன்.' அதற்குக் கீழே பேக்கரிக்காரம்மாவுக்குத் தனியாக, நடந்ததற்கு வருந்துவதாகவும், மூன்று பேர் இருக்கும் அறையில் எண் ஆயிரத்தைத் தாண்டினாலே ஷட்டரைத் தூக்கிவிட வேண்டும் என்றும், தையல் செலவு தம்முடையது என்றும் எழுதியிருந்தார். ஒற்றுப்பிழை ஒன்றும் இல்லை. அனுப்பினார்.

தசமப்புள்ளியிடமிருந்து உடனே கேள்வி வந்தது. அந்த இரண்டாவது ஆள் யார்?

லிஃப்ட்காரரின் விரல் செல்பேசியின் மேல் சற்று நேரம் நின்றது. 'அக்கா' என்று எழுதினார்.

குழுவில் இருந்த நானூறு பேரில் யாரும் யாருடைய வீட்டையும் அறிந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு அக்கா என்பவர் பாடங்களின் அடியில் வரும் ஒரு வரி. தசமப்புள்ளியின் பதில் நான்கு நிமிடங்கள் கழித்து வந்தது. கணக்குப் போட எடுத்துக்கொண்ட நேரம் போலும். "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! ரெண்டு பேருக்கு 1,610. அச்சா வருது. வாக்கெடுப்பெல்லாம் வேணாம், பாடங்கள் இருக்கட்டும். அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க."

பேக்கரிக்காரம்மாவும் எழுதியிருந்தார். தையல் செலவு வேண்டாம், அந்தப் பெண் வேலைக்குத் திரும்பிவிட்டாள், இனி ஷட்டர் திறந்தேதான் இருக்கும், பாடத்தை மட்டும் சீக்கிரம் திருத்திப் போட்டுவிடுங்கள் அண்ணே என்று. லிஃப்ட்காரர் அதை இரண்டு முறை படித்தார். நீண்ட மூச்சு ஒன்றை விட்டார். பிறகு செல்பேசியைக் கீழே வைத்துவிட்டு, தையல் இயந்திரம் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, அன்றாடப் பேச்சின் தொனியில் சொன்னார்:

"தசமப்புள்ளி உன்னைக் கேட்டாராம்."

நான் கதவருகே நின்றிருந்தேன். போகலாமா, இருக்கலாமா என்று தெரியவில்லை. அவர் என்னை உட்காரச் சொன்னார். இந்த முறை நாற்காலியைக் காட்டவில்லை; கட்டிலின் மறுமுனையைக் காட்டினார். தூசுக்காகக் கதவைச் சாத்தினார். நான்காம் பாடத்தின் புதிய படியை மடியில் வைத்துக்கொண்டு, தலைப்பிலிருந்து ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். நான் சிவப்புப் பேனாவோடு பின்தொடர்ந்தேன். சன்னலருகே வைப்பது, 430 வருவது, தனியாக அமர்வது, 1,060. எல்லா இடத்திலும் 'நாம்' என்றே இருந்தது. கடைசியில், இருவர் இருக்கும் அறைக்கு எடுத்துக்காட்டாக அந்தப் பழைய வரியை வைத்திருந்தார்.

"கதவைச் சாத்திவிட்டு நாங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்."

படித்துவிட்டு நிறுத்தினார். கேட்பவரை வெளியே நிறுத்தும் சொல் அது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். அந்த வரியைப் படித்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் காத்திருப்பது என்னுடைய விடைக்கு அன்று என்பது புரிந்து, பேசாமலிருந்தேன். பெட்டி தையல் இயந்திரத்தின் மீது இருந்தது. எண்ணைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. தாளை என்னிடம் நீட்டினார்.

"புரிஞ்சுதாம், டீச்சர்."

தாளின் அடியில் அந்த வரி, அன்றைய தேதியோடு இருந்தது. அதன் பக்கத்தில், பிழை எதுவும் இல்லை என்பதற்கு நான் வழக்கமாக இடும் கையொப்பத்தை இட்டுக் கொடுத்தேன்.